இடது ஓரம்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். புது வீடு கட்டியதும் அக்காவை மறந்துவிட்டாய் போல. நீ ஓட்டப் பயிற்சியாளராக இருந்த கல்லூரியிலேயே, விளையாட்டுத் துறை மாணவர்களுக்கு, யாரையும் வேற்றுமை பார்க்காமல் பழகச் சொல்லித்தரும் பன்முகத்தன்மைப் பயிற்சி நடத்த என்னை அழைத்திருக்கிறார்கள். "இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு மேடம்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எல்லோரும் வந்தார்கள்.

மரத்தரைக் கூடத்தில் வெறுங்காலோடு வரிசையாக நிறுத்தி, கண்களை மூடச் சொன்னேன். நானும் மூடிக்கொண்டேன். நிறத்துக்காகவோ பேச்சுக்காகவோ ஒதுக்கப்பட்டவர்கள் ஓர் அடி முன்னால் வைக்க வேண்டும். ஆணி வைத்த ஓட்டக் காலணி ஒன்று தரையில் அழுந்தும் சத்தம் கேட்டது. கண் திறந்தால் ஒருவரும் நகரவில்லை. தரைப் பலகையில் ஆறு துளைகள் மட்டும் புதிதாக இருந்தன. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அக்கா

ஜூன் 12

அன்பு அக்காவுக்கு,

உன்னை மறப்பேனா? வீட்டு வேலை ஆளை விடவில்லை. வாசலிலிருந்து படுக்கையறை வரை மரத்தரைதான் போட்டிருக்கிறோம். நீ உன் நிழலைப் பார்த்தே அலறுகிறவள். யாரோ விளையாடியிருக்கிறார்கள். ஆனாலும் இடது ஓரத்தில் யாரையும் நிறுத்தாதே. பயிற்சியைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பு.

உன் தம்பி

ஜூன் 20

தம்பி,

துளைகள் இடது ஓரத்தில் என்று நான் எழுதவே இல்லையே.

கூடம் பெருக்கும் அம்மாவிடம் கேட்டேன். "கறுப்பா, வேற பாஷை பேசுற பொண்ணு ஒண்ணு இருந்துச்சு. பக்கத்துல நிக்க மாட்டோம்னு மத்த புள்ளைங்க சொன்னதும், ஓட்டம் சொல்லிக்குடுத்த சார் அதை இடது ஓரத்துல தனியா நிக்க வச்சாரு. நியாயம் கேக்க வந்தப்போ ரூம் கதவையே திறக்கல. அடுத்த மாசம் செத்துப்போச்சுன்னு சேதி வந்துச்சு" என்றார்.

நேற்று கடைசிக் கேள்வியைக் கேட்டேன்: "யாரிடம் பேச வேண்டுமோ, அவரை நோக்கி நடங்கள்." அந்த ஆணிக் காலணிச் சத்தம் கூடத்தைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போய்விட்டது.

உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆனால் நீ என் தம்பி. வாசலில் சத்தம் கேட்டால், இந்தத் தடவையாவது கதவைத் திற. அவள் சொல்வதைக் கேள். பிறகு எனக்கு எழுது.

அக்கா

ஜூலை 2

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. "அன்பு அக்காவுக்கு, வாசலில் சத்தம் கேட்கிறது. நான் கதவை" என்பதோடு நின்றுவிட்டது. திறந்தாயா, தாழ் போட்டாயா? அதற்குக் கீழே எழுத்தே இல்லை. ஆறு துளைகள்தான் இருக்கின்றன.

உறையில் முகவரி உன் கையெழுத்தில் இல்லை. இதைத் தபாலில் சேர்த்தது யாரடா?

அக்கா