நுணாக்குறிச்சிக் கிணற்றின் முதல்நீர்

வெண்குன்ற நாட்டின் தனிப்பெருந் தலைவர், அறத்தின் பக்கம் அமர்ந்து அரசாளும் குன்றவாணக் கோமகனாரின் திருமுன், நாட்டின் நீர்நிலைகளைக் காக்கும் நீர்நாயகம் பூதங்கண்ணன் பணிந்து விடுக்கும் ஓலை. மாரி தவறாது பெய்க. மாடமும் குடியும் பொலிக.

நுணாக்குறிச்சியில் பாறை பிளந்து தீக்காற்று எடுக்கும் பணியின் நன்மை தீமைகளை ஆராய்ந்து உரைக்குமாறு தாங்கள் பணித்திருந்தீர்கள். ஆயிரம் ஆள் ஆழத்துக்குத் துளையிட்டு, நீரும் மணலும் காரச் சாறும் கலந்து பெருவிசையுடன் உள்ளே செலுத்த, பாறை வெடித்து, அதனுள் அடைபட்டிருந்த தீக்காற்று மேலேறி வருவதை இவ்வோலை விடுக்கும் நீர்நாயகம் தம் கண்ணால் கண்டார். விளைந்த நன்மை பொய்யன்று. பன்னிரண்டு உலைக்களங்கள் விறகின்றி எரிகின்றன. விறகுக்காக அண்டை நாட்டாரிடம் கைகட்டி நின்ற காலமும் போயிற்று. கீழைக்காட்டில் கோடரி ஓய்ந்ததற்கு மான்களும் அரசரை வாழ்த்தக்கூடும், கேட்டறிய வழியில்லை.

தீமையும் உண்டு. ஒரு துளை ஓர் ஏரியைக் குடித்து, அதில் பாதியைக் கசப்பாகக் கக்குகிறது. நிலம் மும்முறை அதிர்ந்தது. பணி மேலாளர் கொடும்பையார் அதைப் பணியின் வீரியம் என்று விளக்கினார். குயவர் தெருக் கிணற்றில் விளக்கைக் காட்டினால் நீர் பற்றிக்கொள்கிறது. அத்தெருவாசி செவ்வந்தியாள், அடுப்பு மூட்டும் தொல்லை தீர்ந்ததென்றும், குடிப்பதற்கு மட்டும் வேறேதேனும் அருளவேண்டுமென்றும் விண்ணப்பித்தார். அவர் கைக்குழந்தை இரண்டு திங்களாக வயிற்றுக் கடுப்பில் வாடுவதைக் கண்டு நீர்நாயகத்துக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

ஊரார் வழக்குத் தொடுத்துள்ளனர். கொடும்பையாரோ, அக்கிணறு என்றுமே அப்படித்தான், மறுப்பவர் முதல்நீரைக் காட்டுக என்கிறார். கிணறு தோண்டிய அன்று ஊறிய நீரைக் குடத்தில் முத்திரையிட்டு ஊர்ச்சாவடியில் காப்பதும், கிணற்று வழக்குகளில் அதையே சான்றாகக் கொள்வதும் நம் நாட்டு வழக்கம். அக்குடம் இன்று வெறுங்குடம். சென்ற ஆண்டு இப்பணிக்கு இசைவு முத்திரை இட நீர்நாயகம் வந்தபோது, தம்மிடம் இருந்தவற்றுள் உயர்ந்ததைக் கொண்டு உபசரிக்க விரும்பிய ஊரார், அந்நீரால் அவர் கால்களைக் கழுவி, எஞ்சிய ஒரு கை நீரை அருந்தவும் தந்தனர். அவர் அதன் இனிப்பைப் பாராட்டி, முத்திரையிட்டுச் சென்றார். எந்தக் குடத்து நீர் என்று கேட்கவில்லை.

வழக்காடும் ஊராரின் சொல் சான்றாகாது. ஆகவே எஞ்சிய ஒரே சான்று நீர்நாயகத்தின் நாக்கு. இசைவளித்த அதிகாரி, பதவியில் இருக்கும்வரை அப்பணிக்கு எதிராகச் சான்றுரைக்கலாகாது என்பது தங்கள் தந்தையார் வகுத்த சட்டம். அது நல்ல சட்டம். அதன் வரைவை எழுதியவரும் நீர்நாயகமே.

எனவே அவருடைய கடைசிக் கட்டளையாக, வழக்கு முடியும்வரை துளைப்பணி நிறுத்தப்பட்டது. குயவர் தெருவுக்கு மேலை ஏரியிலிருந்து நாள்தோறும் நல்ல நீர் வண்டியில் வரும். உலைக்களத்தார் ஏசுகின்றனர், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

கோமகனார் நீடு வாழ்க. இவ்வோலையில் இட்டதே நீர்நாயக முத்திரையின் இறுதிப் பதிவு. முத்திரை மோதிரம் ஓலையுடன் வருகிறது. வழக்கு நாளில் பட்டப்பெயர் ஏதுமின்றி, சாட்சி பூதங்கண்ணன் என்று மட்டும் கூவி அழைக்கச் செய்க. வந்து நிற்பான்.