இல்லையென்று எழுதித் தர முடியாது

வாடிப்பட்டி
11.8.2024

அன்புள்ள முத்து மச்சானுக்கு,

ஆர்த்தி எழுதுவது. லடாக்கில் அதற்குள் குளிர் தொடங்கிவிட்டதாகப் போன வாரம் சொன்னீர்கள். இங்கே ஆடிக்காற்று. காயப்போட்ட துணி எதுவும் எங்கள் கொடியில் இருப்பதில்லை. அடுத்த வீட்டு வேலியில் போய்ப் பொறுக்கி வருகிறோம். அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை. உங்களிடம் 'நல்லா இருக்கேன்ப்பா' என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முகாம் போனில் நீங்கள் பேசும்போது பின்னால் வரிசையில் நிற்பவர்கள் இருமுவது எனக்குக் கேட்கிறது. இந்தப் பக்கம் அம்மா, காதைத் தீட்டிக்கொண்டு காய் நறுக்குவாள். இது நமக்குள் மட்டும் இருக்க வேண்டிய செய்தி.

போன மாதம் விபத்துப் பிரிவில் பணியில் இருந்தேன். திண்டுக்கல் சாலையில் லாரி மோதிய ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ரத்தம் எடுக்கும்போது வலி தாங்காமல் கையை உதறினார். அவர் கையிலிருந்து வெளியே வந்த ஊசி என் கையுறையைத் துளைத்துக் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. மறுநாள் அவருடைய பரிசோதனை முடிவு வந்தது. அவருக்கு எச்.ஐ.வி இருக்கிறது.

பயப்படாதீர்கள். இதற்கென்று மாத்திரை உண்டு. உடனே தொடங்கி ஒரு மாதம் விடாமல் சாப்பிட்டால் கிருமி உடம்பில் தங்காமல் பெரும்பாலும் தடுத்துவிடும். அன்றே மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய் வாங்கித் தொடங்கிவிட்டேன். அம்மாவிடம் ரத்தசோகைக்கு என்று சொல்லியிருக்கிறேன். காலையில் குமட்டுகிறது. நேற்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன், அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"என்னடி இது, மாப்ள லடாக்குல இருக்காரு, நீ இங்க வாந்தி எடுக்குற?"

"மாத்திரைம்மா."

"எந்த மாத்திரைக்குடி விடிஞ்சதும் வாந்தி வரும்? புள்ள பெத்தவகிட்டயே கதை அளக்குற?"

சிரித்துவிட்டேன். சிரித்ததில் மறுபடியும் வாந்தி.

தை மாதம் மணையில் உட்காரப்போகிறவரிடம் இதை மறைக்க மனம் வரவில்லை. அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆர்த்தி


லடாக்
2.9.2024

அன்பு ஆர்த்திக்கு,

உன் கடிதம் வந்தது. உன்னைப் போல எனக்கு எழுத வராது. புத்தகமாகப் படிக்கிற பிள்ளை, தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

முதலில் லாரிக்காரனைத் திட்டினேன். பிறகு அந்த ஆளைத் திட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பாவமாகிவிட்டது. பிழைத்தாரா?

நீயும் டியூட்டியில்தான் காயம்பட்டிருக்கிறாய். எங்களுக்கு அதற்கு மெடல் குத்துவார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் லீவாவது கொடுத்தார்களா?

இங்கே எங்கள் டாக்டர் ஒரு வகுப்பில் சொன்னார், அந்த நோய் வந்தாலும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நன்றாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்களாம். ஆரோக்கியமான பிள்ளை பெற்றுக்கொள்கிறார்களாம். அதனால் நீ மனசை விடாதே. வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு நீதான். தை மாதம் மாறாது. அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

உன் மாமியார்க்காரிக்குக் கால்வலித் தைலம் வாங்கிக் கொடு. நான் வந்து உனக்குச் சால்வை தருகிறேன்.

உன்
முத்துக்குமரன்


வாடிப்பட்டி
27.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டது. மாட்டுத்தாவணியில் பஸ்ஸில் ஏறுவதற்குள் செருப்பு போய்விடுகிறது.

மாத்திரை முடிந்து முதலில் எடுத்த பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததை, போனில் 'இங்க வெயில்தான்' என்று பூடகமாகச் சொன்னேன். அன்று நீங்கள் பாட்டுப் பாடினீர்கள். இப்போது மூன்று மாதத்துப் பரிசோதனை முடிந்திருக்கிறது. அதற்கு என்ன சொல் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று விதமான பட்டைகளில் சோதிப்பார்கள். முதல் பட்டையில் கோடு விழுந்தது. மற்ற இரண்டிலும் விழவில்லை. கிருமியையே நேராகத் தேடும் பரிசோதனையும் செய்தார்கள். கிடைக்கவில்லை. ஆலோசகர் சரண்யாதேவி அக்கா கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"அக்கா, நானும் நர்ஸுதான். சுத்தி வளைக்காதீங்க. இருக்கா, இல்லையா?"

"இருக்குன்னு சொல்ல முடியாதும்மா. இல்லைன்னு எழுதித் தரவும் முடியாது."

"அப்ப என்னதான் எழுதுவீங்க?"

"முடிவு செய்ய இயலவில்லைன்னுதான்."

மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சில நேரம் இப்படி ஆகுமாம். கிருமி நுழைந்திருந்தால் மாத்திரை அதை அமுக்கி வைத்ததில் ரத்தம் அடையாளம் காட்டத் தாமதமாகலாம். நுழையாமலே, ரத்தத்தில் இருக்கும் வேறு எதையோ பார்த்துப் பட்டை ஏமாந்திருக்கவும் செய்யலாம். எது என்று நாள்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு இதையே எத்தனையோ முறை நான் விளக்கியிருக்கிறேன். அப்போது இது நல்ல பதில் என்று நினைத்திருந்தேன்.

மச்சான், கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிவைக்க வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்று நீங்கள் சொன்னால் யாரும் துருவ மாட்டார்கள்.

இரண்டு நாளாகப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் இருக்கிறேன்.

உங்கள் ஆர்த்தி


லடாக்
20.11.2024

அன்பு ஆர்த்திக்கு,

கோபப்படாமல் படி.

லீவு இல்லை என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பவில்லை. "எவளையாவது அங்கன புடிச்சிட்டியா, உண்மையச் சொல்லு, எந்தம்பி மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்" என்று போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டது. பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். வேறு வழி தெரியாமல் சொல்லிவிட்டேன்.

அம்மா கத்தவில்லை. அது எனக்கே ஆச்சரியம். "டாக்டருக்கே தெரியலேன்னா, தெரிஞ்சவக கிட்டக் கேப்போம்" என்றது. கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கம் நம் குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப் போகிறதாம். உனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று தெரியும். எனக்காகப் போய்விட்டு வா. வெள்ளைப்பூ வந்துவிட்டால் பிறகு ஊரே வந்து சொன்னாலும் அம்மா கேட்காது. நமக்கும் அது நல்லதுதானே.

சிவப்பு வந்தால் என்று நீ கேட்பாய். வராது.

முத்துக்குமரன்


வாடிப்பட்டி
21.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அதை விடுங்கள்.

கார்த்திகை கடைசி வெள்ளியன்று அத்தையும் அம்மாவும் நானும் போனோம். போகிற வழியில்தான் அம்மாவுக்கு எல்லாம் சொன்னேன். கொட்டாம்பட்டி வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். பூசாரி விருமாண்டி வெள்ளை நந்தியாவட்டையை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை ஓர் இலையிலும் மடித்துக் கட்டி, குலுக்கிச் சாமி காலடியில் போட்டார். அத்தைதான் எடுத்தார்கள். பிரித்தால் வெள்ளை.

அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன். அந்தப் பூவை என் தலையில் வைத்தார்கள். "எங்குடி வெளங்க வந்த மகடி நீ" என்றார்கள். அம்மாவும் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, மச்சான். நம்பிக்கை இல்லாதவளுக்கும் வந்தது.

பிறகு அத்தை சொன்னார்கள்: "இந்தா பாரு தாயி, இனிமே ரத்தம் குடுக்கப் போகாத. வாக்கு வாங்கினப்புறம் ஊசி போட்டுப் பாத்தா, சாமி பேச்சு நமக்குப் பத்தலைன்னு ஆயிரும்."

நான் தலையாட்டினேன்.

ஆறாம் மாதப் பரிசோதனைக்குப் போன வாரம் போனேன். அதே முடிவு. முதல் பட்டையில் கோடு, மற்றவற்றில் இல்லை. கிருமியும் இல்லை. அநேகமாக ஒன்றும் இருக்காது, பெரிய டாக்டர் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்றார்கள்.

பொங்கல் சீரோடு அத்தை வந்திருந்தார்கள். கரும்பை இறக்கி வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள்.

"அங்கிட்டெல்லாம் போகலைல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் என் கையைப் பிடித்திருந்தார்கள்.

"போனேன் அத்தை."

"என்ன சொன்னாக?"

"அதேதான் அத்தை. தெரியலைன்னாக."

கையை எடுத்துக்கொண்டார்கள். "சாமி குடுத்ததக் கொண்டுபோயி ஆஸ்பத்திரியில தொலச்சிட்டு வந்துருக்கியே, பாவி" என்றார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அப்பா தெருமுனைவரை பின்னாலேயே போனார். அவருடைய அக்கா திரும்பிப் பார்க்கவில்லையாம்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

ஆர்த்தி


லடாக்
16.2.2025

ஆர்த்திக்கு,

ஏன் போனாய்? போனதைத்தான் ஏன் சொன்னாய்? வெள்ளைப்பூவோடு விட்டிருந்தால் வைகாசியில் எல்லாம் முடிந்திருக்கும்.

எந்தப் பக்கம் என்று கேட்கிறாய். இருக்கு என்றால் இருக்கு என்று அம்மாவிடம் சண்டை போட்டுக் கட்டியிருப்பேன். இல்லை என்றால் பேச்சே இல்லை. தெரியாது என்பதை வைத்துக்கொண்டு நான் யாரோடு சண்டை போடுவது? காவலில் நிற்கும்போது உன் உடம்பைப் பற்றியே நினைக்கிறேன். முன்பு நினைத்த மாதிரி இல்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

பெரிய டாக்டரிடம் இல்லை என்று ஒரு வரி எழுதி வாங்கி அனுப்பு. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தப்பாக நினைக்காதே. இங்கே ஒருத்தரிடம் பெயர் சொல்லாமல் யோசனை கேட்டேன். அவர்தான் கேட்கச் சொன்னார். அது ஊசிதானே?

முத்துக்குமரன்


வாடிப்பட்டி
20.4.2025

முத்துக்குமரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பெரிய டாக்டரைப் பார்த்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

பார்த்துவிட்டேன். பழைய முடிவுகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தார், புதிதாகவும் சோதித்தார். மாத்திரை நிறுத்தி இத்தனை மாதம் கழித்தும் கிருமி இல்லை என்றால் இல்லைதான், அந்தப் பட்டை என் ரத்தத்தில் வேறெதையோ பார்த்து ஏமாறுகிறது, இனியும் ஏமாறலாம் என்றார். "தாராளமாக் கல்யாணம் பண்ணிக்கம்மா" என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தச் செய்தி வந்தால் ஓடிப்போய்ச் சொல்வதற்கு ஒருவர் இருப்பார் என்று ஆறேழு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரிசோதனைத் தாளில் பழையபடி 'முடிவு செய்ய இயலவில்லை' என்றுதான் இருக்கிறது. டாக்டர் தன் கைப்பட விளக்கம் எழுதித் தரத் தயாராக இருந்தார். "யாருக்கும்மா காட்டணும்?" என்று கேட்டார். "யாருக்கும் இல்லை சார்" என்று சொல்லிவிட்டேன்.

மருத்துவமனையில் என்னை வார்டிலிருந்து எடுத்து, முன்பதிவு மேசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். ஓய்வுக்காகவாம். டீ குடிக்கும்போது என் டம்ளரை யாரும் மாற்றி எடுப்பதில்லை. டம்ளரால் ஒட்டாது என்று நர்ஸுகளுக்குத் தெரியும், இருந்தும் எடுப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தெம்பில்லை. வீட்டிலும் அப்படித்தான். அம்மா என் தட்டைத் தனியாகக் கவிழ்த்து வைக்கிறாள். நான் பார்த்துவிட்டால் அவசரமாக மற்றவற்றோடு சேர்த்துவிடுகிறாள்.

பரிசச் சேலையை அப்பா அத்தை வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அத்தை வாங்கிக்கொண்டு, "சங்கிலி, சாப்புட்டுப் போடா" என்று மட்டும் சொன்னார்களாம். அப்பா சாப்பிட்டுவிட்டு வந்தார். கூடப்பிறந்தவர்களுக்குள் அந்த அளவாவது மிஞ்சியது என்று வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. கேட்கச் சொன்னவர் யாராக இருந்தாலும், அதைத் தபாலில் போட்டது நீங்கள். என் கட்டைவிரலைப் பற்றி முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். அதைவிடத் தெளிவாக எழுத எனக்கும் வராது.

உங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம் பெண் பார்க்கிறார்களாம். நல்லது. அவர்கள் விசாரிக்க வருவார்கள், மாமன் மகளோடு நிச்சயம் வரைக்கும் போனது ஏன் நின்றது என்று கேட்பார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லுங்கள். நான் வேலையை விடமாட்டேன் என்றேன், திமிர் பிடித்தவள் என்றுகூடச் சொல்லுங்கள். நான் மறுத்துப் பேச மாட்டேன். ஊசி குத்தியது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். யாரும் நம்ப மாட்டார்கள்.

ச. ஆர்த்திகா