கூடப் பிறந்த எலிகள்

நவ. 3, திங்கள்

விடியலிலிருந்து மழை. குடை லேபில். நனைந்துகொண்டே போனேன்.

அனுப்பிய பேப்பருக்கு ஜர்னலிலிருந்து பதில். ஜீன் நீக்கிய எலி குண்டாகிறது என்கிறீர்கள், ஒப்பிட்ட சாதாரண எலிகள் அதனுடன் கூடப் பிறந்தவையா என்று கேட்கிறார்கள். இல்லை. பெங்களூரில் வாங்கியவை. கூடப் பிறந்த சாதாரணக் குட்டிகளை ஒவ்வொரு ஈற்றிலும் கொன்றுவிடுவோம், கூண்டு பத்தாது என்று. லேப் வழக்கம்.

கைடு சாரிடம் போனேன். "ரெண்டும் கறுப்பு எலிதானேம்மா, ஒரே வகைன்னு எழுதிடு." தலைமுறை தலைமுறையாக வேறு இடத்தில் வளர்ந்தவை சார் என்றேன். டீக்குப் போய்விட்டார். எரிச்சல். நம் வயலில் புது நெல்லைப் போட்டுவிட்டு குத்தாலத்தில் எவரோ போட்ட பழைய நெல்லோடு விளைச்சலைப் பார்த்த மாதிரி.

வாங்க: சோப்பு, கொசுவர்த்தி, லேபுக்குக் கையுறை (மறுபடி என் காசில்தான்).

நவ. 4, செவ்வாய்

அப்பா போன், குடவாசலிலிருந்து. சம்பா தண்ணீரில். பிறகு வழக்கமான கேள்வி, தீசிஸ் எப்போது. டிசம்பர் என்றேன். போன வருஷமும் டிசம்பர்தான். பேப்பர் வராமல் தீசிஸ் கொடுக்க முடியாது என்று விளக்கத் தெம்பில்லை.

கூண்டு பார்க்கும் செல்வராஜ் அண்ணனிடம் கேட்டேன், கூடப் பிறந்தது எதுவும் மிச்சமா என்று. தலையைச் சொறிந்தார். "நான் வேளாங்கண்ணிக்கு நடந்து போனப்ப ஒரு ஈத்த யாரும் கொல்லலங்க. கடைசி ரேக்ல கெடக்கு."

ஒரு ஈற்று முழுசாக! வளர்ந்த எலிகள். வால் நுனி எடுத்தேன். அதைச் சோதித்து எந்த எலிக்கு ஜீன் இருக்கிறது என்று நாளைதான் தெரியும். எடையும் போட்டேன்.

எல்லாமே குண்டு.

எல்லாமே ஜீன் இல்லாதவையாக இருக்கட்டும். அப்படி இருக்காது என்று எனக்கே தெரியும். ஆனாலும் பஸ்ஸில் மாதாவை வேண்டிக்கொண்டே வந்தேன். வெட்கக்கேடு.

நவ. 5, புதன்

மழை விட்டுவிட்டு. கரண்ட் போய்ப் போய் வந்ததில் பிசிஆர் இரண்டு தடவை. சாப்பிடவில்லை.

சோதனை முடிந்து ஜெல் படம் வந்தது. பாதி எலிகளுக்கு மேல் ஜீன் இருக்கிறது. அவையும் குண்டு. குண்டுக்குக் காரணம் ஜீனை நீக்கியது அல்ல, அந்த வம்சம். இத்தனை வருஷ உழைப்பு. பாத்ரூமில் போய் அழுதேன்.

சார் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த ஈத்து இருந்ததே யாருக்கும் தெரியாதும்மா."

படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவ. 6, வியாழன்

வெயில். ஜர்னலுக்கு எழுதிவிட்டேன், சாருக்கும் ஒரு காப்பி: கூடப் பிறந்தவையும் குண்டு, பேப்பரைத் திரும்பப் பெறுகிறோம். சார் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது.

மதியம் அப்பா. தண்ணீர் வடிந்துவிட்டதாம், பயிர் பிழைத்துவிடுமாம். சந்தோஷமாகப் பேசினார். டிசம்பர் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.