மஞ்சுமலை அரசரின் கணினியில் தங்கிய விருந்தினர்

நலம் பெருகுக. மலை ஓங்கி நிற்க, அருவி வற்றாதிருக்க, அடுக்களைப் புகை ஓயாதிருக்க.

அடையா வாயிலோர், வந்தவர்க்கெல்லாம் வாழையிலை விரிப்போர், தலைமுறை தலைமுறையாய் ‘இல்லை’ என்னும் சொல்லை நாவில் ஏற்றாத குலத்துத் தோன்றல், மஞ்சுமலை நாடுடைய வேள் ஆதன் இளவெற்பனார் திருமுன்பு, பெருங்கோவின் ஆணையால் நாட்டிலுள்ள கணினிகளுக்கெல்லாம் பொறுப்பேற்றிருக்கும் கணினி நாயகம் மாசாத்தி, மருதவாயில் மாநகரிலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. பெருங்கோ நலம். தாங்கள் அனுப்பிய தேனும் மலைவாழையும் வந்தன. தேன் அரண்மனைக்குள் போயிற்று. வாழை வாயிற்காவலரைத் தாண்டவில்லை.

தாங்கள் விடுத்த புதிரை, இவ்வோலை அவையில் வாசிக்கப்படும்போது எல்லோருக்கும் விளங்கும்படி, முதலில் திரும்பச் சொல்கிறேன். ஆண்டுதோறும் விருந்துப் பெருநாளில் தங்கள் நாடு கீழாற்று நாட்டாரை அழைத்து, அவர்கள் கனவிலும் எண்ணாத ஒரு பண்டத்தைப் பரிமாறித் திகைக்க வைப்பது வழக்கம். அது என்னவென்பதைத் தாங்கள் ஒருவரே முடிவு செய்து, பள்ளியறையை அடுத்த சிற்றறையில் உள்ள வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்து வைப்பீர்கள். இம்முறை அது மூங்கிலரிசிச் சோறும் பலாக்கொட்டைக் குழம்பும். யாரிடமும் தாங்கள் வாய் திறக்கவில்லை. ஆனால் கீழாற்றுத் தூதர் பந்தியில் அமர்ந்ததும் மடியிலிருந்து சுக்கும் பெருங்காயமும் எடுத்து வைத்து, பலாக்கொட்டை வாயு என்று தம் மருத்துவர் முன்பே எச்சரித்ததாகச் சொல்லிச் சிரித்தார். தாங்களும் சிரித்தீர்கள்.

அடுத்து நடந்தது சிரிப்பதற்கில்லை. ஆற்று நீர்ப் பேச்சில் வேறு வழியே இல்லையென்றால் மேல்மதகை விட்டுக்கொடுக்கலாம் என்று அதே கணினியில் தாங்கள் குறித்து வைத்திருந்தீர்கள். அத்தூதர் பேச்சுக்கு உட்கார்ந்தவுடன், நலம்கூடக் கேளாமல், மேல்மதகைக் கேட்டார்.

அச்சிற்றறைக்குள் தங்களையும் கோப்பெருந்தேவியார் நல்லெயினியாரையும் தவிர நுழையும் உரிமை வெற்றிலைப் பை ஏந்தும் அடைப்பைக்காரர் அந்துவன் ஒருவருக்கே உண்டு. ஆகவே ஊர்ப்பெருமக்கள் அவரைச் சிறைக்கோட்டத்தில் வைத்துவிட்டனர். செய்தி போன வழியைக் காட்டி, அவ்வழியை அடைத்தும் காட்டாவிட்டால், வரும் முழுநிலா நாளில் அந்துவன் குடும்பத்தோடு எல்லைக்கல்லைத் தாண்ட வேண்டும் என்பது அவர்கள் தீர்ப்பு. விசாரணையில் அந்துவன், சுண்ணாம்பு எவ்வளவு தடவ வேண்டும் என்பதைத் தவிரத் தமக்கு எந்த அரச இரகசியமும் தெரியாது என்றாராம். அவர் மனைவி அல்லி அவை நடுவே வந்து, “நேத்து என்ன கொழம்புன்னு கேட்டா முழிக்கிற மனுசன். இவரை ஒற்றுக்கு வச்சுக்கிட்டா கீழாத்து ராசாதான் பாவம்” என்றாராம். அவை சிரித்தது; தீர்ப்பு மாறவில்லை. எழுதியவர் தாங்கள், எழுதியது பூட்டிய அறையில், படித்தவர் எவருமில்லை, செய்தி மட்டும் எப்படிப் போயிற்று என்று கேட்டு, கணினியையே பல்லக்கில் ஏற்றி எம்மிடம் அனுப்பினீர்கள். வழியில் மக்கள் யாரோ இளவரசி போகிறாள் என்று எண்ணிப் பூத்தூவியிருக்கிறார்கள். விசைப்பலகை இடுக்கிலிருந்து இன்னும் சாமந்தி இதழ் எடுத்தபடி இருக்கிறோம்.

முதற்கண் அந்துவனைப் பற்றி. அவர் தங்கள் மலையில் கம்பிக்குப் பின்னால் இருக்கும்போதே, இங்கே ஓர் அறையில் அடியேன் மட்டும் இருந்து, தங்கள் கணினியை இணையத்தோடு இணைத்து, அதில் ஒரேயொரு வரி அடித்தேன்: ‘அடுத்த ஆண்டு விருந்துக்குப் பாகற்காய்ப் பாயசம் உறுதி.’ வேறெதுவும் செய்யவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. வாரம் கழியுமுன் மருதவாயிலிலேயே தங்கியிருக்கும் வேறொரு கீழாற்றுத் தூதர் எம் மடைப்பள்ளித் தலைவரைத் தனியே அழைத்து, பாகற்காயில் பாயசம் வைப்பது மலைநாட்டில் வழக்கம்தானா என்றும், தம் அரசருக்கு அடுத்த ஆண்டு உடல்நலம் இராது போலத் தோன்றுகிறது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆகவே செய்தியைக் கொண்டுபோனது அந்துவன் அல்லர். கணினியேதான்.

இது தெரிந்த நொடியே இணைய இணைப்பைப் பிடுங்கினோம். கள்வன் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தால் முதலில் வாசலைச் சாத்திவிட்டுத்தானே விளக்கைத் தூண்ட வேண்டும். பிறகு உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தோம். அரசே, அது கணினி அன்று, சத்திரம். கேளாமலே சாதகம் கணிக்கும் நிரல் ஒன்று, கணினிக்கு நோய் என்று கூவி மருந்து விற்கும் நிரல் ஒன்று, எதைத் தேடினாலும் தன் கடைக்கே திருப்பிவிடும் கருவிப்பட்டை ஒன்று. இவற்றோடு, திரையின் ஓரத்தில் நடைபயின்று காலைதோறும் ‘வேள் வாழ்க’ என்று சொல்லும் பச்சைக்கிளி ஒன்று. தங்களுக்கு அக்கிளியின்மேல் பிரியம் என்று பல்லக்குத் தூக்கிகள்வரை அறிந்திருக்கிறார்கள். சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஒற்று அதுதான்.

அது வேலை செய்யும் விதம் கேட்கக் கேட்கச் சுவையானது. மக்கள் வைரஸ் என்று வழங்கும் நச்சுநிரல் வேறு, இவ்வகை உளவுநிரல் வேறு. நச்சுநிரல் ஆற்றில் ஆகாயத்தாமரை போல. ஒன்று விழுந்தால் தன்னைப்போல் பலவற்றைப் பெருக்கும், கோப்புகளைக் கெடுக்கும், பென் டிரைவில் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக் கணினிக்கும் போகும். அது வந்தால் வந்தது தெரியும். உளவுநிரலோ எதையும் உடைக்காது. உடைத்தால் நீங்கள் தேடுவீர்கள் அல்லவா? கிளி முன்னால் ஆடிக்கொண்டிருக்க, பின்னால் அதன் கூட்டாளி தாங்கள் அழுத்தும் எழுத்தை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, இணையம் கிடைத்தபோதெல்லாம் தன் எசமானுக்கு அனுப்பிவிடும். பூட்டிய அறை அதற்கு ஒரு பொருட்டன்று. தங்கள் விரலடியிலேயே உட்கார்ந்திருப்பவனுக்குச் சுவர் எதற்கு?

அப்படியானால் அது எப்படி உள்ளே வந்தது? இங்கேதான் நாங்கள் சற்று நேரம் திகைத்தோம். எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. கணினியிலிருந்த காவல்நிரலும் நல்லதே. ஒவ்வொரு முறையும் அது முறையாகத் தங்களைக் கேட்டிருக்கிறது: ‘இந்நிரலை நிறுவலாமா? ஆம், இல்லை.’ தாங்கள் ஒவ்வொரு முறையும் ‘ஆம்’ என்றிருக்கிறீர்கள். கிளிக்கு ஆம், சாதகத்துக்கு ஆம், மருந்துக்கடைக்கு ஆம். கிளிக்காகக் காவலைச் சற்று நேரம் நிறுத்தலாமா என்று காவல்நிரலே கேட்டபோது அதற்கும் ஆம். ‘இல்லை’ என்னும் பொத்தானின்மேல் தங்கள் சுட்டி ஒருமுறைகூடப் போனதில்லை.

வேகமாக ஓடும் ஆளிடம், கசிவு கணினியால்தான் என்பதையும், இனி ‘இல்லை’ என்று அழுத்துங்கள், போதும் என்று சொல்லி அனுப்பினேன். அது பிழை. தங்கள் மறுமொழி நியாயமானது: தங்கள் குலத்தில் நாவால் வராத சொல் விரலாலும் வராது, கேட்பவன் மனிதனா நிரலா என்று பார்த்துக் கொடுப்பது கொடையாகாது, அச்சொல்லை அழுத்துவதைவிடக் கணினியை அருவியில் எறிவது எளிது. ஊர்ப்பெருமக்களும், அரசர் பழக்கம் மாறாது, ஆகவே கசிவும் நிற்காது, ஆகவே அடைப்பைக்காரர் போவதே நல்லது என்றனராம். கசிவு அந்துவனால் அன்று என்று மெய்ப்பித்த பின்பும், கசிவு நின்றால்தான் அந்துவன் தங்குவார் என்னும் நிலை. நிலாவோ நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தது.

காவல்நிரலை இன்னும் பெரிதாய் வைத்தால் போதாதா என்று தங்கள் அமைச்சர் கேட்டிருந்தார். போதாது, ஏன் என்று சொல்கிறேன். காவல்நிரலிடம் தெரிந்த கள்வரின் முகப்படங்கள் இருக்கின்றன. வருபவன் முகம் படத்தோடு ஒத்தால் பிடிக்கும். புதிய கள்வனுக்குப் படம் ஏது? நாள்தோறும் வரும் புதுப்பிப்புகள் அப்புதுப் படங்களையும், சுவரில் கண்ட ஓட்டைக்குச் சாந்தையும் கொண்டு வருகின்றன. ஆகவே புதுப்பிக்கலாமா என்று கணினி கேட்டால் தாங்கள் மனமாரச் சொல்லும் ‘ஆம்’ அதற்கு முற்றிலும் தகும். ஆனால் அது கணினியின் அமைப்புக்குள்ளிருந்து வரும் கேள்வியாக இருக்க வேண்டும். ஏதோ வலைப்பக்கத்தில் துள்ளிக் குதித்துக் கேட்பது புதுப்பிப்பு அன்று, புதுப்பிப்பின் வேடம். ஒரு வீட்டுக்கு ஒரு காவல்நிரல் போதும். இரண்டு வைத்தால் ஒன்றையொன்று கள்வன் என்று பிடித்துக்கொண்டு கணினியை நகரவிடாது. இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் அடியேனுக்குப் பனங்காடே போதாது, விட்டுவிடுகிறேன்.

வழி எங்கே கிடைத்தது தெரியுமா? தங்கள் அரண்மனையிலேயே. பல்லக்குத் தூக்கிகள் எம் முற்றத்தில் உண்டபின் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அரண்மனை வாசல் எப்போதும் திறந்திருக்குமே, விருந்தாளி நேரே அரசியாரின் அறைக்கே போய்விட மாட்டானா என்று எம் எழுத்தர் கிண்டலாகக் கேட்டார். அதற்கு அவர்களுள் மூத்தவர், “அதெப்படிங்க போவான்? மண்டபம் ராசாவோடது, யாரும் வரலாம், திங்கலாம், தூங்கலாம். உள்கட்டுச் சாவி தேவியாரு இடுப்புல. ராசாவே வெளிய நின்னு ‘எயினி’ன்னு குரல் குடுத்துட்டுத்தான் போவாரு” என்றார். அடியேன் உண்டுகொண்டிருந்த கையைக் கழுவாமலே கணினிக்கு ஓடினேன்.

ஏனென்றால் கணினிக்கும் உள்கட்டு உண்டு. அதில் இருவகைக் கணக்குகள் அமைக்கலாம். ஒன்று சாவியுடைய கணக்கு. புதிய நிரலை நிறுவவும் காவலை நிறுத்தவும் அதற்கே உரிமை. மற்றொன்று சாதாரணக் கணக்கு. எழுதலாம், படிக்கலாம், மின்னஞ்சல் அனுப்பலாம், பாட்டுக் கேட்கலாம், ஆனால் உள்கட்டுக்குள் எவரையும் அழைத்துப்போக முடியாது. தாங்கள் இதுநாள்வரை சாவியுடைய கணக்கிலேயே அமர்ந்திருந்தீர்கள். அதனால்தான் தங்கள் ஒரு ‘ஆம்’ எல்லாக் கதவையும் திறந்தது.

தேவியார் நல்லெயினியார் வேற்று நாட்டில் பிறந்தவர். தங்கள் குலநோன்பு அவரைக் கட்டாது. சாவியை ஏற்பாரா என்று கேட்டு ஆளனுப்பினோம். தேவியார் சொல்லியனுப்பியது இது: மணமாகி வந்த நாள்முதல் அந்த வீட்டுக்கு வேண்டிய ‘இல்லை’களையெல்லாம் தாம் ஒருத்தியே சொல்லி வருவதாகவும், பிள்ளைகள் மூன்றாம் முறை பணியாரம் கேட்கும்போது அரசர் தூணுக்குப் பின்னால் போய்விடுவார் என்றும், இந்த ஒன்று கூடுவதால் தமக்குப் பாரமில்லை என்றும்.

ஆகவே கணினியை முற்றாகத் துடைத்து, அமைப்பைப் புதிதாக நிறுவி, தங்கள் ஓலைகளையும் பாடல்களையும் மட்டும் சோதித்துத் திரும்ப வைத்து, அவற்றுக்கு ஒரு படி எடுத்துத் தனி வன்வட்டில் இட்டு அனுப்புகிறோம். அவ்வட்டு கணினியோடு இணைந்தே இருக்க வேண்டா. படியெடுக்கும்போது மட்டும் இணைத்தால் போதும். தங்கள் பழைய கடவுச்சொற்கள் எல்லாம் கிளிக்குத் தெரியும், எல்லாவற்றையும் மாற்றிவிடுக. சாவியுடைய கணக்கின் கடவுச்சொல் தனியே அரக்கிட்டுத் தேவியார் கைக்கு வருகிறது. அதைத் தாங்கள் அவரிடம் கேட்க வேண்டா. தாங்கள் அறிந்தால், யாரேனும் தங்களிடம் கேட்பார்கள். கேட்டால் தாங்கள் கொடுப்பீர்கள்.

அனுப்புமுன் சோதித்தும் பார்த்தோம். கணினியை மீண்டும் இணையத்தோடு இணைத்து, தங்கள் புதிய கணக்கில் அமர்ந்து அதே கிளியை அழைத்து, நிறுவலாமா என்று அது கேட்க, ‘ஆம்’ என்றேன். கணினி பணிவாக, தேவியாரின் கடவுச்சொல் வேண்டும் என்றது. மீண்டும் ‘ஆம்’ என்றேன். மீண்டும் அதையே சொன்னது. கிளி வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. பிறகு நெல்லிக்காய்ப் பொங்கல் என்று ஒரு வரி அடித்து, பாகற்காய்க்குக் காத்ததைவிட நெடுநாள் காத்தோம். கீழாற்றுத் தூதர் இன்னும் பாகற்காய்ப் பாயசத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

இது பெருங்கோவின் நாரை முத்திரை பொறித்த ஆணை. ஓலை வந்தடைந்த பொழுதே அவையில் வாசித்து நிறைவேற்றப்படுக. வழி காட்டப்பட்டது, வழி அடைக்கப்பட்டது. அடைப்பைக்காரர் அந்துவனை விடுவித்து, அவர் பையை அவர் தோளிலேயே திரும்ப மாட்டுக. அரசர் சாதாரணக் கணக்கில் அமர்ந்து, கேட்பவர்க்கெல்லாம் என்றும்போல் ‘ஆம்’ என்க. சாவி தேவியாரிடம் இருக்க.