அப்பாவுக்கு உன் உதடு தெரிந்த அன்று

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நேற்று நீ திரையில் வந்தபோது உன் அப்பா எனக்கு ஒரு வார்த்தை பேச இடம் கொடுத்தாரா, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய கம்ப்யூட்டர் வந்ததும் ஆசையாகப் பிரித்து வைத்தோம், ஆனால் அதில் ஒய்-ஃபை என்ற பேச்சே இல்லை. என் போனில் நெட் ஜோராக வருகிறது, இது மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் செய்து, விண்டோஸுக்குப் பதில் இதில் லினக்ஸ் இருக்கிறது என்றால், "லினக்ஸா? அந்தப் பக்கமே நாங்க போறதில்லம்மா" என்று போனை வைத்துவிட்டார். காய்ச்சலில் காது போனதிலிருந்து அப்பா உன்னோடு பேசவே இல்லையே, உதட்டசைவைப் பார்த்துத்தானே பேச்சைப் புரிந்துகொள்கிறார், சின்ன போனில் உதடு சரியாகத் தெரியாது என்று அதை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். பெரிய திரையில் பார்க்கலாம் என்று இருந்தவருக்கு இதுவும் இல்லை என்றானதும் முகம் விழுந்துவிட்டது. "திருப்பி அனுப்பிடு" என்று ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டார்.

மாடி வீட்டுக் கணக்கு டீச்சர் வந்தவர் போர்வையை விலக்கி அதைப் போட்டுப் பார்த்து, தானும் லினக்ஸ்தான் வைத்திருப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார். "ஒய்-ஃபை உள்ளதான் இருக்கு, அதை வேலை செய்யவைக்கிற டிரைவர்ங்கிற சாஃப்ட்வேர்தான் இல்ல, அதை நெட்லதான் எடுக்கணும்" என்றார். நெட்டுக்காகத்தானே இந்தப் பாடு என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் போனை வயரில் மாட்டி அதன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாமாம். முதல் வயர் சார்ஜ் மட்டும் ஏற்றுமாம், போனைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. அப்பா டிராயரையே கவிழ்த்து வேறொரு வயரைக் கொண்டுவந்தார், அது பிடித்துக்கொண்டது. டிரைவர் இறங்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் திரை மூலையில் விசிறி போல ஒய்-ஃபை குறி வந்ததே, எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் நீ திரையில் வந்தாய். "சாப்டீங்களாப்பா" என்று நீ கேட்டதும், நான் ஜாடை காட்டுமுன்பே "ஆச்சுடா" என்றார் பார். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல் உள்ளே போய்விட்டேன், அடுப்பில் ஒன்றுமே இல்லை. இரவு நிம்மதியாகத் தூங்கினார், நானும்தான்.

குளிரில் தலை நனையாமல் போய் வா. நீ நீண்ட ஆயுளோடு, குறையொன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்று மறக்காதே, அந்த மீசையைக் கொஞ்சம் கத்தரித்துக்கொள், மேலுதடு தெரியவில்லை என்று அப்பா காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் முகம் பார்த்த மகிழ்ச்சியில்
அம்மா