இரண்டு பிறந்தநாள்

திங்கள், ஜூலை 7

காலையிலேயே புழுக்கம். கள்ளிக்குப்பம் முழுக்கக் கரண்ட் இல்லை, பத்து மணிக்குத்தான் வந்தது. வீட்டிலிருந்தே வேலை.

ஆஸ்பத்திரிப் பதிவு ஒரு பக்கம், பள்ளிப் பதிவு ஒரு பக்கம். இரண்டிலும் ஒரே குழந்தையைக் கண்டுபிடித்து இணைக்க வேண்டும். பெயர் கிடையாது. பிறந்த தேதி (இனி பி.தே.), பகுதி, அம்மா பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். கேள்வி: பிறந்ததும் செய்த காது சோதனையில் தேறாத குழந்தைகள் இப்போது எப்படிப் படிக்கிறார்கள்?

தேறாதவர்களில் இரண்டு பதிவிலும் இணைந்தவர்கள் நன்றாகவே படிக்கிறார்கள். ஆய்வை நடத்தும் பேராசிரியருக்குப் பரம திருப்தி. "அப்போ மறுசோதனைக்கு வாங்கன்னு துரத்தித் துரத்திக் கூப்பிடத் தேவையில்லன்னு எழுதிடலாம்." அறிக்கை வெள்ளிக்குள்.

இணையாதவர்கள் எங்கே போனார்கள்? உறுத்துகிறது.

செவ்வாய், 8

வாங்க: உளுந்து, பல்பு, கொசுவர்த்தி.

பள்ளிப் பட்டியலை பி.தே. வாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஆகஸ்ட், செப்டம்பரில் ஆளே குறைவு. மே கடைசி, ஜூன் முதல் வாரத்தில் கூட்டம் அம்முகிறது. ஆஸ்பத்திரிப் பட்டியலில் அப்படி இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு முறை பிறக்கிறதா என்ன? மதியம் சாப்பிட மறந்தேன்.

புதன், 9

தூறல். மாடியில் துணி நனைந்தது. வீட்டு வேலைக்கு வரும் செல்வி அக்காவிடம் சும்மா கேட்டேன், உங்க பொண்ணு கீர்த்திக்குப் பிறந்தநாள் எப்போ?

"நெஜமா பொறந்ததா, இஸ்கூல்ல போட்டதா?"

"ரெண்டும் சொல்லுங்க."

"பொறந்தது செப்டம்பரு. வயசு பத்தலன்னு சேத்துக்கல. நான் வேலைக்குப் போவணும், ஒரு வருசம் ஊட்ல வச்சிகினு இன்னா பண்றது? ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டோம். அல்லாரும் அப்டித்தான்."

என்னைப் போல ஒரு மக்கு உண்டா. கோவில்பட்டியில் என் அப்பாவுக்கே சர்டிபிகேட்டில் ஜூன் ஒன்று.

வியாழன், 10

பி.தே. மாறியிருந்தாலும் மற்றது பொருந்தினால் இணைக்கச் சொல்லி கம்ப்யூட்டரில் மறுபடி ஓட்டினேன். புதிதாகச் சேர்ந்தவர்களில் காது சோதனையில் தேறாதவர்கள் வாசிப்பில் ரொம்பப் பின்னால். தேதி மாறியும் சோதனையில் தேறியவர்கள் அப்படி இல்லை. ஆக, வயது பத்தாமல் சேர்ந்தது மட்டும் காரணமில்லை.

பிள்ளையை ஒரு வருஷம் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத அம்மாவுக்கு மறுசோதனைக்கு மட்டும் லீவு கிடைத்திருக்குமா? நாம் தவறவிட்டது சரியாக அந்தப் பிள்ளைகளைத்தான். நினைக்கவே பயமாக இருந்தது.

பேராசிரியர் போனில் எண்களை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "கூப்பிடத் தேவையில்லன்ற அந்த வரிய எடுத்துடுங்க."

வெள்ளி, 11

அறிக்கை போயிற்று. கூப்பிடுவதை நிறுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறேன்.

செல்வி அக்கா கீர்த்தியோடு வந்தார். பள்ளி லீவாம். கையில் பிளாஸ்டிக் கவரில் தடுப்பூசி அட்டை. "தேதி கேட்டியேம்மா, அதான் எட்தாந்தேன்."

தேதி செப்டம்பர்தான். அதற்குக் கீழே பேனாவில்: காது, மறுசோதனைக்கு வரவும்.

"போனீங்களா?"

"அப்போ கம்பெனில லீவு தர்ல. இன்னாத்துக்கு? நல்லாத்தான் கீறா. சொல் பேச்சுதான் கேக்கமாட்டா. திமிருன்னு டீச்சரும் சொல்லுது."

இவள் என் பட்டியலில் இருக்கிறாளா என்று தேட மாட்டேன். தேடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுத்தான் வேலையில் சேர்ந்தேன். தேட வேண்டிய அவசியமும் இல்லை.

கீர்த்தி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். கீர்த்தி என்றேன். இன்னொரு முறை, சத்தமாக. பென்சில் நிற்கவில்லை. தரையில் காலைத் தட்டினேன். உடனே திரும்பிச் சிரித்தாள்.

செல்வி அக்கா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.