தூரத்து மிதவைக்கு அம்மா போகக் கூடாது

என் அன்பு அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். என்னைப் பற்றிக் கெட்டதாக இருந்தாலும் எழுதுவேன். உன்னிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

இந்தக் கடிதத்தைத் தமிழ் மிஸ் எங்கள் பள்ளி மலருக்குக் கேட்டிருக்கிறார். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா செல்போன் கம்பெனி லைன் வேலையை விட்டுவிட்டாள். வல்லம் வடகாலில் நீ வேலை பார்த்த அதே ஷெட்டுக்குத்தான் இப்போது போகிறாள். டிபன் பாக்ஸோடு அவள் உள்ளே நுழைந்தபோது, உன் இடத்தைப் பார்த்து அழுதுவிட்டுப் போய்விடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்களாம். இப்போது மிதவைகளின் ஒயர் வேலை முழுவதும் அவள் கைக்குத்தான் வருகிறது. கம்பெனியில் பொடிப்பொடி பாகங்களைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா?

வங்கக் கடலில் அங்கங்கே நின்று காற்றையும் அலையையும் நீரின் சூட்டையும் அளந்து கரைக்குச் சொல்லும் மஞ்சள் மிதவைகள் அவை. அவ்வப்போது கப்பலில் போய்ப் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை இறக்காவிட்டால், சிப்பியும் பாசியும் மூடிப் பேச்சை நிறுத்திவிடும். அப்படிப் போன பயணத்தில்தான் நீ ரப்பர் படகிலிருந்து ஒரு மிதவையின் மேல் தாவினாய். கிரேன் கொக்கியைச் சரியாக மாட்டிவிட்டாய் என்று உன்னோடு படகில் இருந்த இசக்கி மாமா சொன்னார். அதற்குப் பிறகு வந்து உன்னைக் கொண்டுபோன அலையைப் பற்றி அவர் இதுவரை எனக்கு ஒன்றும் சொன்னதில்லை.

இந்த வருடப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறார்கள், அப்பா. அம்மா போகப் பார்க்கிறாள்.

குழம்பு ஊற்றிக்கொண்டே, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். "நானும் கப்பல்ல போறேன்டி. நான் வர்ற வரிக்கும் நீ அத்த வூட்ல இரு."

"உனக்கு நீச்சல் தெரியாது."

"கப்பல் நீந்தும். நான் இன்னாத்துக்கு நீந்தணும்?"

"அப்பாவுக்குத் தெரியும்மா. நல்லாவே தெரியும்."

அதன் பிறகு இரண்டு பேருமே சாப்பிடவில்லை. மெரினாவில் முழங்கால் நனைந்தாலே என் தோளைப் பிடித்துக்கொள்கிற அம்மா அவள். பாத்திரம் கழுவும்போது, என் பக்கம் திரும்பாமலே பேசினாள். "அவரு கடசியா பாத்த எடத்த நான் ஒரு தபா பாக்கணும் எஸ்தரு. அவ்ளோதான். வேற ஒண்ணியும் கேக்காத."

அப்படியானால் நான் யாரைப் பார்ப்பது? கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தண்ணீர்ச் சத்தத்தில் அவள் காதில் விழுந்திருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை பள்ளி இல்லை. அம்மாவோடு ஷெட்டுக்குப் போனேன். சுவரில் பெரிய கடல் வரைபடம் மாட்டியிருந்தார்கள். பயணத்தை நடத்துகிற கல்யாணி மேடம் அதன்மேல் மிதவைக்கு ஒன்றாகச் சிவப்புப் பொட்டுகளை ஒட்டி, நூல் பிடித்துக் கப்பல் போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மிதவைக்கும் ஒரு முழுப் பகல் வேண்டும். கடல் கொந்தளித்தால் காத்திருக்கச் சில நாட்களை ஒதுக்க வேண்டும். ஆனால் கப்பல் கிடைத்திருப்பதோ குறைந்த நாட்களுக்குத்தான். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஒரு பொட்டு மிஞ்சியது.

அது உன்னுடையது, நீ கடைசியாகத் தாவிய மிதவை. அதற்கு எண் மட்டும்தான் உண்டு. உன் பெயரை அம்மா எதிரில் சொல்ல வேண்டாம் என்று ஷெட்டில் எல்லாரும் அதைத் தூரத்து மிதவை என்கிறார்கள். பல மாதமாக அது பேசவில்லை. அதையும் சேர்த்தால் ஒயர் வேலைக்குக் கப்பலில் இரண்டு பேர் வேண்டும். விட்டுவிட்டால் இசக்கி மாமா ஒருவர் போதும், அம்மா போக வேண்டாம். இவ்வளவும் எனக்குப் புரிந்த உடனே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மேடம், இந்த வருஷம் அதை விட்டுடலாமே? பக்கத்து மிதவை சொல்றதை வெச்சே கணக்குப் போட்டுக்கலாம். லைப்ரரி புத்தகத்துல படிச்சேன்."

மேடம் கோபப்படவில்லை. "நல்ல கேள்விதான்மா. பக்கத்து மிதவைன்னா திருச்சியையும் தாண்டி இருக்குன்னு வெச்சுக்கோ. ஒரகடத்துல மழையான்னு திருச்சியில கை நீட்டிப் பார்த்துச் சொல்லுவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். வேறு ஒரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். மேடம் வரைபடத்தின் பக்கம் திரும்பி, "புயல் கிளம்பினா அந்த மிதவை பக்கமாத்தான் வரும். அது பேசலைன்னா கடலுக்குப் போன படகுகளுக்குச் சேதி தாமதமாப் போகும்" என்றார். பிறகு நூலைப் பிரித்து வேறு மாதிரி பிடித்தார். முதலில் நேராகத் தூரத்துக்கே போய்விடுவது, மற்றவற்றைத் திரும்பி வரும் வழியில் பார்ப்பது. காத்திருக்கும் நாட்களைக் கொஞ்சம் குறைத்ததும் எல்லாப் பொட்டுகளும் நூலுக்குள் வந்துவிட்டன. "அங்கே இறக்க வேண்டிய மிதவை, துறைமுகத்துக்குக் கொண்டுபோற டிரெய்லர் வர்றதுக்குள்ள ரெடியாகணும். ஆகலைன்னா விட்டுடலாம்."

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "யார கேட்டு அங்க வாயத் தொறந்த? பெரிய சைன்டிஸ்டு!"

"நீ போகக் கூடாதுன்னுதான்."

"அத என்கிட்ட சொல்லு. கடல்ல கீறவன் தலையில ஏன் வெக்கிற?"

அதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா, அப்பா?

அடுத்து இசக்கி மாமாவிடம் போனேன். அவர் சங்கிலி வளையங்களுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். "மாமா, நீங்க சொன்னா மேடம் கேப்பாங்க. அம்மா வேணாம்னு சொல்லுங்க."

"நான் சொல்லிக் கேக்குற பொம்பளயா ஒங்கம்மா? ஒங்கப்பனே சொல்லிப் பாத்துத் தோத்தவன்தான்" என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. "ஏ பிள்ள, இங்க பாரு. அவ ரப்பர் படகுல காலு வைக்க மாட்டா. கப்பல் மேலயேதான் இருப்பா. நான் பாத்துக்கிடுதேன்."

"அப்பாவையும் இப்படித்தான் பாத்துக்கிட்டீங்களா?"

கேட்டுவிட்டேன், அப்பா. மாமா கிரீஸ் தடவி முடித்த வளையத்தையே எடுத்து மறுபடியும் தடவினார். தென்காசியிலிருந்து வந்து நம் வீட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டவர்! நீயாக இருந்தால் என்னை அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்க வைத்திருப்பாய். நான் ஓடிவந்துவிட்டேன்.

இன்று காலையிலிருந்து மறுபடியும் ஷெட்டில்தான் இருக்கிறேன். நாளை டிரெய்லர் வருகிறது. தூரத்து மிதவைக்குப் பதிலாக இறக்க வேண்டியது என் எதிரே நிற்கிறது, ஒரு சின்ன அறை அளவுக்கு. எல்லாம் முடிந்துவிட்டது, உச்சியில் இருக்கும் விளக்கைத் தவிர. இரவில் கப்பல்கள் வந்து மோதாமல் இருக்க அது விட்டுவிட்டு எரிய வேண்டும். எரியாத மிதவையைக் கடலில் இறக்கக் கூடாது. புது விளக்கு வந்து சேரவில்லை. உப்பு தின்ற இரண்டு பழைய விளக்குகளிலிருந்து அம்மா ஒன்றை உருவாக்கியிருக்கிறாள்.

வெளிச்சம் இருக்கும்வரை அது எரியாது, இருட்டினால்தான் தானாக எரியும். அதனால் ஷட்டரை இறக்கி, ஷெட்டின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். மதியத்துக்குள் இரண்டு தடவை பார்த்துவிட்டார்கள். எரியவில்லை. முதல் தடவை எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது தடவை ஷெட் விளக்குகளைப் போட்டபோது அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். உன் செய்தி வந்த அன்று இருந்த முகம். சாப்பிடக்கூட இறங்காமல் மறுபடியும் ஏணியில் ஏறிவிட்டாள். ஒயர்களை ஒட்ட ஈயம் உருக்கும் சால்டர் புகை இங்கேவரை வருகிறது.

எரியக் கூடாது ஆண்டவரே என்று ஜெபிக்க ஆரம்பித்தேன். கடலில் இருக்கும் படகுகள் நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்திவிட்டேன். எரிய வேண்டும் என்று கேட்கவும் வாய் வரவில்லை. பாதி ஜெபம் எங்கே போய்ச் சேரும், அப்பா? உனக்கு அங்கே தெரிந்திருக்கும்.

சற்று முன்பு இசக்கி மாமா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார். "தரையில உக்காந்து எழுதாத. முதுகு வலிக்கும்." அவ்வளவுதான் சொன்னார். நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை.

அம்மா ஏணியிலிருந்து இறங்குகிறாள். ஷட்டரை இறக்குகிறார்கள். சீக்கிரம் எழுதிவிடுகிறேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். விளக்கு எரிந்தால், துறைமுகம்வரை அம்மாவின் பையை நான்தான் சுமப்பேன். அழமாட்டேன் என்று சொன்னால் அது பொய். கப்பல் கண்ணுக்கு மறையும்வரை அழமாட்டேன். எரியாவிட்டால், எனக்குச் சந்தோஷம் என்பதை அம்மாவிடம் மறைக்கமாட்டேன். ஆனால் அவளோடு உட்கார்ந்து அவள் துக்கத்திலும் இருப்பேன். எது நடந்தாலும் இன்றைக்கே இசக்கி மாமாவிடம் மன்னிப்புக் கேட்பேன்.

உன்னையும் அம்மாவையும் ஒரே அளவு நேசிக்கும்
உங்கள் இருவரின் மகள்,
எஸ்தர்

அம்மா சுவிட்சுப் பலகைமேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். காலையில் இரண்டு தடவையும் யாரையும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறாள். "எஸ்தரு, அணைக்கட்டுமாடி?"

எல்லாரும் காத்திருக்கிறார்கள். நான் தலையாட்டினேன். இந்த வரி கோணலாகப் போகும், மன்னித்துக்கொள், விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.